காகத்துக்கு வைச்ச சோறும் மார்டரின்ர நகமும்

கோழிப்பண்ணை வேலை எண்டால் கோழியைப் பாக்கிறது எண்டு நினைக்காதேங்கோ. கோழியைத் தின்ன வாறதுகளைப் பாக்கிறதுதான் வேலை, கோழி தன்னைத் தானே பாத்துக்கொள்ளும்.

இதை நான் ஓல்டன் ஸ்டேஷனுக்குப் போற பஸ்ஸில இருந்தும், முட்டை தரம் பிரிக்கிற மெஷின் இறுகி நிக்கிற நேரத்திலயும் ஃபோனில தட்டுறன். இடைக்கிடை அறுந்து அறுந்து வரும், கோவிக்காதேங்கோ. வேலை இடத்தில வாயை அடக்கேலாமல் மாட்டுப்பட்ட எல்லாருக்கும் இது விளங்கும். என்ர பேர் தர்ஷிகா. பிறந்தது சுவிஸில, ஓல்டனில. பண்ணை ஓல்டனுக்கு மேல மலையில, பஸ்ஸில பதினெட்டு நிமிசம். முதலாளி ஊலி. என்னோட வேலை செய்யிறவர் செல்வம் அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்து இருபத்தஞ்சு வருசம். நாலாவது ஆள் பேரி, நாய். செல்வம் அண்ணை மாதிரி எங்கட ஆக்களைத் தவிர மிச்ச எல்லாரும் கதைச்சது சுவிஸ் ஜெர்மனில. இதில தமிழில எழுதுறன், அவ்வளவுதான்.

டிப்ளோம்

கோழி வளர்ப்புக்கு இந்த நாட்டில மூண்டு வருசப் படிப்பு இருக்கு. சோதினை இருக்கு, டிப்ளோம் இருக்கு. நான் அதைத்தான் படிச்சனான். அம்மா ஒரு வயோதிபர் இல்லத்தில வேலை, அப்பா லாரிக்குச் சாமான் ஏத்திற இடத்தில. ரெண்டு பேரும் என்னை பாங்கில இருத்திப் பாக்க ஆசைப்பட்டவை. நான் கோழிக்குப் பின்னால போயிட்டன். சின்னனில பள்ளிக்கூடத்தால ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனவை, அண்டைக்குப் பிடிச்ச விசர்.

ஷ்லீரனில ஒரு சாமத்திய வீட்டில சொந்தக்கார அன்ரி ஒராள் மேசையில எல்லாருக்கும் முன்னால கேட்டா, பிள்ளை என்ன வேலை எண்டு. அம்மா சோத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. நான்தான் கோழியின்ர நோய், சாப்பாடு, காத்து, வெளிச்சம் எல்லாம் பாக்கிறது, கிட்டத்தட்ட டாக்குத்தர் மாதிரி எண்டு மூச்சு விடாமல் விளங்கப்படுத்தினன். அன்ரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சொன்னா: "சரி பிள்ளை, டாக்குத்தர்தான். உன்ர பேஷண்ட் எல்லாம் கடைசியில கறியாப் போறதுதான் கொஞ்சம் கவலை."

முதல் கேள்வி

ஜூலையில ஊலியிட்டைச் சேர்ந்தன். மூண்டு மாசம் புரோபெட்சைட், அதாவது வைச்சுப் பாக்கிற காலம். பிடிச்சால் நிரந்தரம், பிடிக்காட்டி ஏழு நாளில போகச் சொல்லலாம். என்ரது செப்டம்பர் கடைசித் திங்கக்கிழமையோட முடியும்.

ஓகஸ்டில சூரிச்சில இருந்து மெண்டல் வந்தார். வயது முப்பதைத் தாண்டேல்லை, செம்பட்டைத் தாடி, கார் முழுக்கக் குழந்தைச் சீட். யூத ஆக்களின்ர முறைப்படி கோழி அறுக்கிறது அவற்ற தொழில். இங்க ஆடு மாட்டை மயக்காமல் அறுக்கச் சட்டம் விடாது, அதால அவையின்ர இறைச்சி வெளிநாட்டில இருந்துதான் வரும். கோழிக்கு மட்டும் விலக்கு இருக்கு. சூரிச்சில ஒரு யூத வயோதிபர் இல்லம், அவையின்ர புதுவருசத்துக்கு சூப் வைக்க அறுபது முட்டைக்கோழி கேட்டவை. முட்டை குறைஞ்ச கிழட்டுக்கோழிதான் சூப்புக்குத் திறம். அது எங்களிட்டை இருந்தது. இது சரிவந்தால் ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்களிட்டைத்தான் எடுப்பினம் எண்டது பேச்சு. சரிவந்தால் கோழியைப் பாக்க நிரந்தரமா ஒராள் தேவை எண்டு ஊலி சொன்னவர். அந்த ஒராள் நான்தான் எண்டு நானே முடிவு எடுத்திட்டன்.

தீனைப் பற்றி, தடுப்பூசியைப் பற்றிக் கேப்பார் எண்டு ஃபைலோட நிண்டனான். மெண்டல் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பக்கம் என்னென்ன வேட்டை மிருகம் திரியுது எண்டு. ஊலி அவரை இன்சூரன்ஸ்காரன் எண்டு நினைச்சிட்டார்.

விசயம் இதுதான். பூனை, நரி, மார்டர் மாதிரி மிருகத்தின்ர நகத்தில நஞ்சு இருக்கு எண்டு அவையின்ர பழைய சட்டம் சொல்லுது. மார்டர் எண்டது எங்கட ஆக்கள் மரநாய் எண்டு சொல்லுற சாதி. இங்க கார் வயரையும் கடிச்சு வைக்கும். அது முன்காலால கோழியை அடிச்சு நகத்தை இழுக்கேக்க நஞ்சு இறங்குமாம். அப்பிடி அடி வாங்கின கோழி உயிரோட ஓடித் திரிஞ்சாலும், முறையா அறுத்தாலும், சாப்பிடக்கூடாது. எனக்கு வாய் நிக்கேல்லை. பின்காலால உதைச்சால்? பறவாயில்லை. தெரியாமல் நகம் பட்டால்? பறவாயில்லை, வேணுமெண்டு அடிக்கோணும். மாட்டைப் பூனை கீறினால்? மாட்டுக்குச் சிங்கம் வேணும், ஆட்டுக்கு ஓநாய் போதும், ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்கும் பூனை காணும். நாய் எண்டால்? நாய்க்கு அந்த நஞ்சு இல்லை; கடிச்ச காயத்தைத் தனியாப் பாக்கோணும், அவ்வளவுதான். மெண்டல் பொறுமையா எல்லாத்துக்கும் பதில் சொன்னார், தன்னை ஒருதரும் இவ்வளவு கேட்டதில்லையாம்.

பக்கத்தில குப்பை அள்ளிக்கொண்டு நிண்ட செல்வம் அண்ணை சவளை ஊண்டிப்போட்டுத் தமிழில சொன்னார்: "கடிக்கிற நாயை விட்டுட்டுக் கீறுற பூனையிலயோ கேஸ் போடினம்? பேரிக்கு ஆரோ நல்ல லோயர் பிடிச்சுக் குடுத்திருக்கினம்."

மிண்டாவின்ர மானம்

அடுத்த ரெண்டு கிழமையும் நான் பாக்கிற ஆக்களுக்கெல்லாம் இதையே சொன்னன். பஸ் டிரைவருக்குச் சொன்னன். முட்டை எடுக்க வந்த லாரிக்காரனுக்குச் சொன்னன். பண்ணைக் கடைக்கு வெள்ளிக்கிழமைகளில வாற பக்கத்து வீட்டு ஃப்ராவ் ஹோஃபருக்கும் சொன்னன். அதுதான் பிழைச்சது. அவவின்ர பூனை மிண்டா எங்கட வேலியில படுக்கிறது வழக்கம். அறுபது கோழியையும் தெரிஞ்செடுத்துப் பழைய கூட்டுக்கு மாத்தப் போறம், அதால மிண்டாவைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ள வைச்சிருக்க ஏலுமோ எண்டு மரியாதையாத்தான் கேட்டன். ஏன் எண்டு கேட்டா. நகத்து நஞ்சு எண்டு வாய் தவறிட்டுது.

முட்டைப் பெட்டியைத் திரும்ப மேசையில வைச்சா. முகம் சிவந்திட்டுது. பிறகு திரும்ப எடுத்தா, எங்கட முட்டை நல்லம்தானே. போகேக்க வாசலில நிண்டு சொன்னா: "என்ர மிண்டா அப்பிடிப்பட்டவள் இல்லை. அவளுக்கு மாசத்தில ஒருக்கா சலூனில நகம் வெட்டுறது."

நாணலோ பூனையோ

கூட்டைப் பாக்க மெண்டல் ரெண்டாந்தரம் வந்தார். யன்னல் கம்பியைத் தட்டிப் பாத்தார், கதவுக்குக் கீழ விரலை விட்டுப் பாத்தார். நான் கேட்டன், கோழியின்ர முதுகில ஒரு கீறல் கிடக்கு, ஆர் கீறினது எண்டு ஒருதரும் காணேல்லை, அப்ப என்ன செய்வியள்?

அதுக்கும் சட்டம் இருக்கு. பூனை கீறினதோ நாணல் கீறினதோ எண்டு தெரியாட்டி, நாணல் எண்டு எடுக்கலாம். நாயோ பூனையோ எண்டு தெரியாட்டி, நாய் எண்டு எடுக்கலாம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முதலே ஆரோ ஒராள் ஒரு கோழியின்ர முதுகைப் பாத்துக்கொண்டிருந்து யோசிச்சிருக்கு. மத்தியானம் ஊலிக்கு ரொட்டியும் சீஸும் இறங்க விடாமல் இதையே சொன்னன். மேசையில உப்புப் போத்தலைக் கோழியாவும், முள்ளுக்கரண்டியைப் பூனையாவும் வைச்சு விளங்கப்படுத்தினனான்.

ஊலி கனக்கக் கதைக்கிற மனுசன் இல்லை. கடைசி வரைக்கும் கேட்டுப்போட்டு உப்பை எடுத்துத் தக்காளியில போட்டார். "அப்ப ஒண்டையும் காணாமல் இருக்கிறவன்தான் நல்ல பண்ணைக்காரன்."

புரட்டாதிச் சனி

அறுப்புத் திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்கு. புதுவருசம் புதன் பின்னேரம் தொடங்குது. வெள்ளிக்கிழமையே அறுபது கோழியையும் பழைய கூட்டுக்குள்ள விட்டாச்சு. மெண்டல் வெள்ளி பொழுதுபட ஃபோனை நிப்பாட்டினால் சனி இரவுதான் திரும்பப் போடுவார், அவைக்கு அது ஓய்வு நாள். நிப்பாட்ட முதல் எனக்கு மெசேஜ் போட்டவர், யன்னலைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு.

எங்களுக்கு அந்தச் சனி புரட்டாதிச் சனி. எனக்கு ஏழரைச் சனி நடக்குது, வேலை நிரந்தரமாகிற நேரம், விளையாடக்கூடாது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. எள்ளுச்சோறு காகத்துக்கு வைச்சிட்டுத்தான் நான் சாப்பிடோணும். ஓல்டனில எங்கட பால்கனியில வைச்சால் மேல்வீட்டுக்காரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவா, போன வருசம் எழுதினவ. பண்ணையில காகத்துக்குப் பஞ்சமில்லை. அதால டப்பாவில சோத்தைக் கட்டித் தந்துவிட்டா.

நிலத்தில வைச்சால் பேரி தின்னும். உயரமா இடம் தேடினன். பழைய கூட்டு யன்னலுக்கு வெளியில ஒரு பலகை இருக்கு. உள்ளுக்கை தீன்பெட்டியில ஏறி, கம்பிச் சட்டத்தைத் திறந்து, சோத்தைக் கோப்பையில போட்டு வெளியில தள்ளினன். நான் நிண்டால் காகம் வராது. சட்டத்தைச் சும்மா சாத்திப்போட்டு, இறங்கி ஒளிச்சு நிண்டன். ஒரு காகம் வந்து ஒரு வாய் எடுத்துது. எனக்குச் சந்தோசம், சனி பகவானோட அலுவல் முடிஞ்சுது. அந்த நேரம் முட்டை லாரி ஹோர்ன் அடிச்சுது, நான் ஓடினன். சட்டத்துக் கொளுக்கியைப் போடேல்லை. பின்னேரம் வீட்டை போனாப் பிறகு அம்மா கேட்ட ஒரே கேள்வி: "காகம் எடுத்ததோ?"

கழுத்தில வெள்ளை

ஞாயிறு காலமை ஏழு மணிக்குப் போனன். கூட்டுக்குக் கிட்டப் போகவே சத்தம். ஒரு கோழி கத்திறது வேற, அறுபது சேந்து கத்திறது வேற. கதவைத் திறந்தன். தீன்பெட்டிக்கு மேல மார்டர் நிண்டுது. மண்ணிறம், பூனையளவு, கழுத்தில வெள்ளை. ஃபோன் வெளிச்சத்தை நேர முகத்தில பிடிச்சனான், பூனை எண்டு மாறிப்போக இடமில்லை. என்னைப் பாத்துப்போட்டு, ஒரே பாய்ச்சலில யன்னலால போயிட்டுது. கம்பிச் சட்டம் ஆடிக்கொண்டு நிண்டுது. வெளியில கோப்பை நக்கித் துடைச்ச மாதிரி, ஒரு எள்ளுக்கூட இல்லை.

மார்டர் உள்ளுக்கை வந்தால் பத்து இருபதாவது செத்துக் கிடக்கும். இது சோறு திண்டு வயிறு நிறைஞ்சு வந்த மார்டர், ஒண்டும் சாகேல்லை. கோழியெல்லாம் மூலையில ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடந்துது. மூண்டின்ர முதுகில கீறல், ரத்தம். மிச்சத்தின்ர இறகுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்.

ஊலி சத்தம் கேட்டு வந்தார். எல்லாத்தையும் சொன்னன். சோத்தையும் சொன்னன். ஏசுவார் எண்டு பாத்தன், ஏசேல்லை. யன்னலைப் பாத்தார், மூண்டு கோழியையும் தூக்கிப் பாத்தார். கம்பியின்ர ஒரு நுனி வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது எண்டார். ராத்திரி பேரி கட்டாமல் நிண்டது எண்டார். பிறகு என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னார்: "நீதானே எனக்குப் படிப்பிச்சனி. நாளைக்கு மெண்டல் கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. பொய் சொல்லச் சொல்லேல்லை, தெரியாது எண்டு மட்டும் சொல்லு."

செல்வம் அண்ணையின்ர இன்டர்வியூ

அண்டைக்குப் பின்னேரம் செல்வம் அண்ணைக்கு ஃபோன் எடுத்தன், அவருக்கு ஞாயிறு லீவு. எனக்கு இருந்த பிரச்சினை உங்களுக்கு விளங்குது. தெரியாது எண்டால் அறுப்பு நடக்கும், கோழி போகும், வேலை நிரந்தரம். மெண்டலும் தன்ர சட்டப்படி சரியாத்தான் செய்திருப்பார், அவருக்கு ஒரு குற்றமும் இல்லை. அந்த இல்லத்தில எண்பது கிழவன் கிழவி நல்ல சூப் குடிப்பினம், ஒருதருக்கும் வயித்துக்குத்துக்கூட வராது. கண்டது நானும் மார்டரும் மட்டும்தான். கண்டன் எண்டு சொன்னால், யன்னலைத் திறந்து விட்டது நான் எண்டதும் சேந்து வரும், அதுவும் புரோபெட்சைட்டின்ர கடைசி நாளில. சொல்லாட்டி, அந்த ஆக்கள் வாழ்நாள் முழுக்கத் தொடாத ஒண்டை நான் அவையின்ர கோப்பையில போடுறன்.

செல்வம் அண்ணை பின்னால ஓடின டிவியை நிப்பாட்டினார். தான் வந்த புதிசில பேர்ணில அசூல் இன்டர்வியூவில நடந்ததைச் சொன்னார். ஒரு சின்னக் கேள்வி, தெரிஞ்ச பதில்தான், வில்லங்கம் வேண்டாம் எண்டு தெரியாது எண்டு சொன்னவராம். அது பிறகு அசூல் ஒபிஸ் அனுப்பின ஒவ்வொரு கடிதத்திலயும் திரும்பத் திரும்ப வந்துதாம். முடிவா என்ன செய்யச் சொல்லுறியள் எண்டு கேட்டன். "என்னட்டைக் கேக்காத, பிள்ளை. ஒரு 'தெரியாது'க்கு ஆறு வருசம் இழுபட்டவன் நான்."

திங்கள் எட்டு மணி

மெண்டல் சரியா எட்டுக்கு வந்தார். கத்திப் பெட்டியைத் திறந்து, கத்தியின்ர வாயை நகத்தில வைச்சு மேலும் கீழுமா இழுத்துப் பாத்தார், ஒரு சின்னப் பல்லுக்கூட இருக்கக்கூடாது. அது அவர் தனிய எடுத்த முதல் பெரிய வேலை எண்டு கார்க்கதவடியில எனக்குச் சொன்னவர். மூண்டு கோழியின்ர முதுகையும் அவரே கண்டுபிடிச்சார். இது எப்பிடி எண்டு கேட்டார். தனக்குத் தெரியாது, பேரி கட்டாமல் நிண்டது, கம்பியும் நீட்டி நிக்குது எண்டார் ஊலி. மெண்டல் கம்பியைப் பாத்தார். கம்பியாத்தான் இருக்கும் எண்டு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவருக்கும் அது கம்பியா இருக்கோணும். பிறகு என்னட்டைத் திரும்பினார்: "நீங்களும் ஒண்டும் காணேல்லைத்தானே, தர்ஷிகா?"

கேள்வியையே எனக்குச் சுகமா ஆக்கித் தந்தார். இல்லை எண்டு தலையாட்டினால் முடிஞ்சுது. நான் வாயைத் திறந்தன், எல்லாம் ஒரே மூச்சில வந்திட்டுது. மார்டர், கழுத்தில வெள்ளை, தீன்பெட்டி, கொளுக்கி, எள்ளுச்சோறு, ஏழரைச் சனி. ஊலி வானத்தைப் பாத்தார். மெண்டல் சோறு ஆருக்கு வைச்சது எண்டு மட்டும் திருப்பிக் கேட்டார். காகத்துக்கு எண்டன். தலையை ஆட்டினார், அவருக்கு அதில ஒரு புதினமும் இருக்கேல்லை.

அறுத்து உள்ளுக்கை இறைச்சி சிவந்திருக்குதோ எண்டு சோதிக்க ஏலாதோ எண்டு கேட்டன். அந்தக் காலத்தில சோதிச்சவை, இப்ப அப்பிடிப் பாத்துச் சொல்லுற கைப்பழக்கம் ஒருதருக்கும் இல்லை எண்டார். எந்தக் கோழியில நகம் பட்டது, எதில படேல்லை எண்டும் சொல்லேலாது. அப்ப அறுபதும் போச்சு. மிச்சக் கோழி எல்லாம் நல்லா முட்டை போடுற இளசு, அதில ஊலி கை வைக்க மாட்டார். மெண்டல் கத்தியைத் துணியில சுத்தினார். இனிப் போய் இல்லத்துச் சமையலறைக்குச் சொல்லோணும், பிரான்ஸில இருந்து வந்த ஃப்ரீசர் கோழியை எடுக்கச் சொல்லோணும். காரில ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"சொன்னது சரி. ஆனா இண்டைக்கு ஒரு நாள் மட்டும் உங்கட ஆர்வம் கொஞ்சம் குறைஞ்சிருக்கக்கூடாதோ?"

பாப்பம்

அண்டு முழுக்க ஊலி டிராக்டரில போனார், வந்தார், திரும்பப் போனார். நான் முட்டையைப் பாத்துக்கொண்டு நிண்டன். மெஷினும் அண்டைக்கு இறுகேல்லை, அதுக்கும் பயம் போல. அஞ்சு மணிக்கு நான் பையை எடுக்கேக்க வாசலில நிண்டார். இதுதான் அந்த ஏழு நாள் நோட்டீஸ் எண்டு நினைச்சன். அவர் கேட்டது வேற. அந்தச் சட்டப்படி நகம் பட்ட கோழி எவ்வளவு காலம் உயிரோட இருக்கும்?

அப்பிடி அடிபட்டது பன்னிரண்டு மாசம் தாண்டாது எண்டு கணக்கு, தாண்டினால் அதில ஒரு பிழையும் இல்லை எண்டு அர்த்தம், அதுக்கு முதல் திரும்ப முட்டை போடத் தொடங்கினாலும் நல்ல அடையாளம் எண்டு எடுப்பினம் எண்டு சொன்னன். சொல்லேக்க எனக்குக் குரல் திரும்ப உசாராகிட்டுது, என்ன செய்ய. ஊலி முட்டைக் கதை எல்லாம் குறுக்குவழி எண்டார். கீறல் விழுந்த மூண்டு கோழியையும் தானே தூக்கி, பின்பக்கத்துச் சின்னக் கூட்டில விட்டு, சோக்கட்டியால கதவில தேதி எழுதினார்.

"பாப்பம்."

நவராத்திரிக்கு முதல்

மிச்சம் அம்பத்தேழு. புதன் கழிஞ்சால் எங்கட ஆக்களுக்கு நவராத்திரி, ஒன்பது நாளைக்குக் கனபேர் மச்சம் மாமிசம் தொட மாட்டினம். செல்வம் அண்ணை திங்கள் பின்னேரமே வாட்ஸ்அப்பில போட்டார்: நல்ல கிழட்டு முட்டைக்கோழி, கால் கழுத்தோட. செவ்வாய் காலமை ஊலி வழக்கம் போல மயக்கி அறுத்துத் தந்தார். என்னை வேலைக்கு வரவேண்டாம் எண்டு ஒருதரும் சொல்லாததால நானும் ஏழு மணிக்கே போயிட்டன். ஷ்லீரனில இருந்து வந்திச்சினம், ஓஸ்டர்முண்டிகனில இருந்து வந்திச்சினம். வாற ஒவ்வொருதருக்கும் மார்டர் உள்ளுக்கை வந்த கதையைச் சொல்லித்தான் குடுத்தன். இனி மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு.

ஓஸ்டர்முண்டிகனில இருந்து வந்த ஒரு அக்காவுக்குப் பின்பக்கம் நிண்ட மூண்டும் கண்ணில பட்டிட்டுது. அது விக்கிறதில்லை, அதைத்தான் மார்டர் கீறினது எண்டன். ஊலியையும் பாத்தா, என்னையும் பாத்தா. "மார்டருக்கே தப்பி ஓடின கோழியோ? அப்ப தொடை இறுக்கமா இருக்கும். தங்கச்சி, அதையே தாங்கோவன்."

ஒப்பந்தம்

வெள்ளிக்கிழமை முட்டைப் பெட்டிக்கு மேல ஒரு கடித உறை கிடந்தது. பிரிக்கக் கை வரேல்லை. செல்வம் அண்ணைதான் பிரிச்சவர். நிரந்தர ஒப்பந்தம். ரெண்டு பக்கம் டைப் அடிச்சு, கடைசியில ஊலி தன்ர கோணல் கையெழுத்தில ஒரு வரி சேத்திருந்தார்: கோழிக்கூட்டுக்கு ஐம்பது மீட்டருக்குள்ள சோறு வைக்கக்கூடாது, காகத்துக்கும்.

நன்றி சொல்லப் போனன். டிராக்டருக்குக் கீழ படுத்திருந்தார், கால் மட்டும்தான் தெரிஞ்சுது. நான் யன்னலையும் மார்டரையும் பற்றி ஏதோ சொல்ல வெளிக்கிட, கீழ இருந்து குரல் வந்தது: "உண்மை சொன்னது சரி. அடுத்த முறை கொளுக்கியையும் போடு."

பன்னிரண்டு மாசம்

மெண்டல் மார்கழியில அவையின்ர விளக்குப் பெருநாளுக்கு அறுக்கத் திரும்ப வந்தார். கூட்டில ஏதாவது நடந்ததோ எண்ட கேள்வியை இந்த முறை ஊலியிட்டைக் கேக்கேல்லை, நேர என்னட்டை வந்தார். ஒண்டும் நடக்கேல்லை. அண்டைக்கு உண்மையாவே ஒண்டும் நடக்கேல்லை.

அடுத்த வருசம் புதுவருச அறுப்புக்கு வந்தபோது, அவையின்ர பிறைக் கணக்கில சோக்கட்டித் தேதிக்குப் பன்னிரண்டு மாசம் தாண்டி ஒரு நாள். ஊலி அவரைக் கத்திப் பெட்டியைக்கூட வைக்க விடாமல் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மூண்டும் நல்லாக் கொழுத்து, ஒண்டு எங்கட சப்பாத்தைக் கொத்திக்கொண்டு நிண்டுது. மெண்டல் கதவில இருந்த தேதியை வாசிச்சார், விரலில மாசத்தைக் கூட்டிப் பாத்தார். இப்ப இதுகள் கொஷர், அதாவது தங்கட சட்டப்படி சாப்பிடலாம் எண்டார். ஊலி ஒரு வருசமா இந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்திருக்கிறார். அப்ப போன வருசம் அந்தத் திங்கக்கிழமையே கொஷர்தான், தான் சொன்னதுதான் சரி, இந்தப் பிள்ளைதான் கெடுத்தது எண்டார். எனக்கு முகம் சுட்டுது. மெண்டல் சிரிச்சார். "ஓம் ஊலி, இந்த மூண்டும் அண்டைக்கும் கொஷர்தான். ஆனா அதை இண்டைக்குத்தான் சொல்லலாம்."

பிறகு, இந்த மூண்டையும் இண்டைய அறுபதோட சேக்கட்டோ எண்டு கேட்டார். ஊலி கூட்டுக் கதவுக்குக் குறுக்க வந்து நிண்டார், கொளுக்கி விழுந்திருக்கோ எண்டு பின்னால கையை விட்டுத் தடவிப் பாத்தார்.

"இதுகளையோ? இதுகளுக்கு உங்கட சட்டம் முழுக்கத் தெரியும், அறுக்க விடமாட்டுதுகள்."

ஆக, எங்கட பண்ணையில நான் வந்தாப் பிறகு புரோபெட்சைட் பாஸ் பண்ணினது நாலு பேர்: பன்னிரண்டு மாசத்தில மூண்டு கோழி, மூண்டு மாசத்தில நான்.